ஐஸ்கட்டியை எடுத்தது யார்? ‘சம்மர் வார்ஸ்’ படத்தின் பேரிடர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மமோரு ஹொசோடா இயக்கிய ‘சம்மர் வார்ஸ்’ 2009 ஆகஸ்ட் 1 அன்று ஜப்பானில் வெளியானது. மேட்ஹவுஸ் நிறுவனத் தயாரிப்பு, திரைக்கதை சதோகோ ஒகுதெரா. அறிவியல் புனைவு, குடும்பக் கதை, நகைச்சுவை மூன்றையும் ஒரே வீட்டுக்குள் அடைத்த அனிமேஷன் படம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இன்னொரு வரியையும் சேர்ப்பார்கள்: இணையம் உலகத்தைக் கெடுத்தது, கூட்டுக் குடும்பம் காப்பாற்றியது.

இந்த இரண்டாவது வரியோடுதான் எனக்குச் சண்டை. படத்தில் வருவது ஒரு பெரிய கணினி விபத்து. அப்படியொரு விபத்து நம் அலுவலகத்தில் நடந்தால் என்ன செய்வோம்? எது முதலில் விழுந்தது, யார் கை பட்டது, எங்கே தாமதம், எப்படி மீண்டது என்று வரிசையாக எழுதிப் பார்ப்போம். இந்தக் கதையை அப்படி எழுதிப் பார்த்தால் குடும்பத்தின் பெயர் ‘தீர்வு’ என்ற பத்தியில் மட்டும் வராது, ‘காரணம்’ என்ற பத்தியிலும் வரும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

வீடும் ஆட்களும்

களம் நகானோ மாகாணத்தின் உவேதா நகரம். மலைப்பக்கம் ஒரு பழைய பெரிய மரவீடு, ஜின்னோஉச்சி குடும்பத்தினுடையது. குடும்பத் தலைவி சகாயே பாட்டிக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள் வருகிறது. அதற்காக ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பிள்ளை, மருமகள், பேரன், கொள்ளுப்பேரன் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்குகிறார்கள்.

இவர்களுக்கு நடுவில் ஒரு அந்நியன், டோக்கியோவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் கென்ஜி. கணக்கில் புலி, மனிதர்களிடம் பூனை. பள்ளியில் மூத்தவளான நட்சுகி, ‘பகுதிநேர வேலை’ என்று மட்டும் சொல்லி அவனைக் கூட்டி வருகிறாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வேலை என்னவென்று தெரிகிறது: பாட்டி முன்னால் அவளுடைய வருங்காலக் கணவனாக நடிக்க வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகப் படிப்பு, அமெரிக்காவில் இருந்து திரும்பியவன், நல்ல பரம்பரை என்று அவள் அடுக்கிவிடும் தகுதி எதுவும் அவனுக்குக் கிடையாது. கல்யாண வீட்டுப் பொய்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும், அதனால் சிரிப்பு தானாக வருகிறது. ஆனால் அந்தத் தகுதிப் பட்டியல் முழுக்க வேறொருவனிடம் இருந்து எடுத்தது. அவன் பெயர் வாபிசுகே. அவனைப் பற்றிப் பிறகு.

வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு தொழில். தீயணைப்பு, மீட்புப் பணி, ஆம்புலன்ஸ் என்று மூன்று அண்ணன் தம்பிகள். போலீஸ்காரன் ஷோடா. டாக்டர் மன்சாகு. மீன்பிடிப் படகு வைத்திருக்கும் மன்சுகே. மின்சாதனக் கடை நடத்தும் தசுகே. தற்காப்புப் படையில் ஏதோ ஒரு பிரிவில் இருக்கும், என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றும் ரீச்சி. இது ரொம்ப வசதியான குடும்பம் என்று அப்போதே ஒரு சந்தேகம் வரும். வரட்டும்.

விழுந்தது எப்படி

படத்தில் ‘ஓஸ்’ என்று ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது. நூறு கோடிப் பேருக்கு மேல் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். விளையாட்டு, கடை, அரட்டை மட்டும் என்றால் பரவாயில்லை. அரசு அலுவலகம், போக்குவரத்து சிக்னல், தண்ணீர் விநியோகம், அவசர அழைப்பு, நோயாளிகளைத் தூரத்தில் இருந்து கண்காணிக்கும் கருவி எல்லாமே அதன் வழியாக ஓடுகிறது. நிஜத்தில் ஒருவருக்கு என்ன அதிகாரம் உண்டோ அதே அதிகாரம் ஓஸில் அவருடைய கணக்குக்கும் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரின் கணக்கைத் திருடினால் ரயிலை நிறுத்தலாம். ஜனாதிபதியின் கணக்கைத் திருடினால் என்ன ஆகும் என்று படத்திலேயே ஒருவர் யோசித்து மிரள்கிறார்.

பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவிக்கு ஒரே பூட்டு. பூட்டு எவ்வளவு பெரியது என்பதில்தான் எல்லாருக்கும் பெருமை.

முதல் நாள் ராத்திரி கென்ஜியின் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள், கூடவே ‘இதைத் தீர்த்துக் காட்டு’ என்ற தொனி. கணக்குப் பைத்தியம் சும்மா இருக்குமா? நோட்டும் பேனாவுமாக விடிய விடிய உட்கார்ந்து, விடையை அனுப்பிவிட்டுத் தூங்குகிறான். காலையில் டிவியைப் போட்டால் அவன் முகம். ஓஸின் பூட்டை உடைத்த குற்றவாளியாம்.

உள்ளே நுழைந்தது ‘லவ் மெஷின்’ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல். அதற்கு யார் மேலும் பகை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தாகம் மட்டும்தான் அதற்குள் ஊட்டப்பட்டிருக்கிறது. கணக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக் கொழுக்கிறது, கடைசியில் நாற்பது கோடிக்கு மேல். சாலைகள் ஸ்தம்பிக்கின்றன, போலி அவசர அழைப்புகளால் தீயணைப்பு வண்டிகள் தெருத்தெருவாக அலைகின்றன. கென்ஜியைக் கைதுசெய்து காரில் ஏற்றிக்கொண்டு போன ஷோடாவும் போக்குவரத்து நெரிசலில் மாட்டி, போன வழியே திரும்பி வருகிறான். குற்றவாளி செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றமே அவனைச் சிறைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இந்த மாதிரி இடங்களில் ஹொசோடா கேமராவை நகர்த்தாமல் தள்ளி நின்று பார்ப்பார், சிரிப்பை நம்மிடமே விட்டுவிடுவார்.

கறுப்பு டெலிபோன்

நெருக்கடி முற்றும்போது பாட்டி ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்களையும் முகவரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எதிரில் விரல் விட்டுச் சுழற்றும் கறுப்பு டெலிபோன். அமைச்சர் மட்டத்து ஆட்கள், போலீஸ் அதிகாரிகள், மருத்துவமனைக்காரர்கள், தீயணைப்பில் வேலை பார்க்கும் சொந்தப் பேரன்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள். கட்டளை எதுவும் இல்லை. சிலரை அதட்டுகிறாள், சிலரைத் தட்டிக்கொடுக்கிறாள். உன்னால் முடியும், தைரியமாகச் செய் என்பதுதான் எல்லாருக்கும் சொல்லும் சேதி.

தொழில்நுட்ப ரீதியாகப் பாட்டி ஒன்றையும் சரிசெய்யவில்லை. கோளாறான கருவிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை, கருவி சொல்வதை நம்பாமல் கையால் வேலை செய்ய வைத்தாள், அவ்வளவுதான். அவசரகாலத் திட்டம் எழுதுகிறவர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகப் போடுவார்கள். படம் ஒரு முழுக் காட்சியையே கொடுத்திருக்கிறது.

இதைப் பார்த்து உருகியவர்கள் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஜின்னோஉச்சிகள் பழைய போர்வீரர் பரம்பரை, ஒரு காலத்தில் பணமும் செல்வாக்கும் இருந்த வீடு. அமைச்சரை ‘டேய், என்னடா’ என்று கேட்கும் உரிமை அதிலிருந்து வந்தது. பாட்டியின் அன்பு பொய் என்று சொல்ல வரவில்லை. பெரிய இடத்து அன்பு, அதனால் தூரம் போகிறது.

முதல் காரணம்: வாபிசுகே

இனி வாபிசுகே. பாட்டியின் கணவருக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த பிள்ளை. பாட்டிதான் அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள். வீடு அவனை முழுசாக ஏற்கவில்லை என்பது சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பேசும் தொனியிலேயே தெரிகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் குடும்பச் சொத்தை விற்ற பணத்தோடு அமெரிக்கா போனவன், பிறந்தநாளுக்கு அழைப்பில்லாமல் வந்து நிற்கிறான்.

லவ் மெஷினை எழுதியது அவன்தான். அமெரிக்க ராணுவம் அதை வாங்கி, ஓஸுக்குள் விட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறது. இதைச் சாப்பாட்டு நேரத்தில், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறான். நான் சாதித்துவிட்டேன் பாட்டி, உன் பணத்தைத் திருப்பித் தர முடியும் என்பது அவன் கணக்கு. பாட்டி சுவரில் மாட்டியிருந்த குடும்பத்து நாகினாதாவை, அதாவது நீளக் கம்பில் வளைந்த வாள் வைத்த ஆயுதத்தை, உருவிக்கொண்டு பாய்கிறாள். மேசை கவிழ்கிறது, தட்டுகள் பறக்கின்றன.

ஆக மூல காரணத்தைத் தோண்டிக்கொண்டே போனால் ராணுவச் சோதனையில் நின்றுவிடாது. ஒரு சாப்பாட்டு மேசையில் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட பையனிடம் போய் முட்டும். படம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. பின்னால் வரும் ஒரு சின்னக் காட்சியில் பூட்டிக் கிடக்கும் அவன் ஐபோனை நட்சுகி திறந்து பார்க்கிறாள். நாலு இலக்கக் கடவுச்சொல் வேண்டும். அவள் போடுவது 0801, பாட்டியின் பிறந்தநாள். திறந்துகொள்கிறது. உலகத்தின் பூட்டை உடைக்கும் நிரலை எழுதியவன் தன் போனுக்கு வைத்த பூட்டு அது. பாதுகாப்பு வகுப்பில் மோசமான கடவுச்சொல்லுக்கு உதாரணமாகக் காட்ட வேண்டியதை, இந்தப் படம் அந்த மனிதனைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே தகவலாக வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம்: ஐஸ்

பிறந்தநாளைப் பார்க்காமலே, விடியற்காலையில் பாட்டி இறந்துபோகிறாள். நெஞ்சுவலி நோயாளி. அவள் இதயத்துடிப்பை மன்சாகு ஓஸ் வழியாகத்தான் கண்காணித்துக்கொண்டிருந்தார், அமைப்பு விழுந்ததால் எச்சரிக்கை வந்து சேரவில்லை. தொண்ணூறு வயது, எப்படியும் நேரம் வந்துவிட்டது என்றும் அவரே சொல்கிறார். இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது டாக்டருக்கே உரிய நேர்மை.

அடுத்து வரும் காட்சியில் கேமரா வீட்டுத் திண்ணை நெடுக, பக்கவாட்டில், மெதுவாக நகர்கிறது. ஒருவர் வானத்தைப் பார்க்கிறார், ஒருவர் தலை குனிந்திருக்கிறார், குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, மேலே வெயில்கால மேகம். யாரும் கதறவில்லை. இருபது பேரை ஒரே கோட்டில் வைத்து, ஒவ்வொருவர் துக்கத்துக்கும் ஒவ்வொரு உட்காரும் விதம் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் பார்க்கும் இடம் இதுதான்.

அப்புறம் வீடு இரண்டாகப் பிரிகிறது. பெரிய மகள் மரிகோ தலைமையில் பெண்கள் சாவு வீட்டு வேலையைப் பார்க்கிறார்கள்: யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை பேருக்குச் சாப்பாடு. மன்சுகேயும் சில ஆண்களும் பாட்டிக்காகப் பழிவாங்கும் யுத்தம் என்று கிளம்புகிறார்கள். தசுகே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய சூப்பர் கம்ப்யூட்டரையே கொண்டுவந்து இறக்குகிறார். மின்சாரத்துக்கு மன்சுகேயின் படகு தோட்டத்துக் குளத்தில் வந்து மிதக்கிறது. ரீச்சி ராணுவத் தகவல்தொடர்பு வண்டியை ஓட்டிவந்து நிறுத்துகிறார், எப்படிக் கிடைத்தது என்று கேட்கக்கூடாது. சூப்பர் கம்ப்யூட்டர் கக்கும் சூட்டைத் தணிக்க அறை முழுக்கப் பெரிய பெரிய ஐஸ்கட்டிகளை அடுக்குகிறார்கள்.

திட்டம் பழைய சரித்திரத்தில் இருந்து எடுத்தது. 1585-ல் சனதா மசாயுகி உவேதா கோட்டையில் சிறு படையோடு நின்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய தொகுகாவா படையை உள்ளே இழுத்து அடித்தார். 1600-ல் மறுபடி அதே கோட்டையில் தொகுகாவா ஹிதேதாதாவின் பெரும்படையைத் தாமதப்படுத்தியதில், அவர் செகிகஹாரா போருக்கே நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்தக் கதையை மன்சுகே நேற்று நடந்த மாதிரி சொல்வார். அதே பாணியில் லவ் மெஷினை ஒரு கோட்டைக்குள் வரவழைத்துப் பூட்டுகிறார்கள். பதின்மூன்று வயது கசுமா தன் முயல் உருவ வீரனை வைத்துக்கொண்டு கணினி முன் மோதுகிறான். திட்டம் பலிக்கிறது.

பலித்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைகிறது. கம்ப்யூட்டர் சூடேறி முடங்கிவிட்டது. ஐஸ் எங்கே?

ஷோடா எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஆகஸ்ட் வெயில், பக்கத்து அறையில் பாட்டியின் உடல். இங்கே ஆண்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே பாட்டி கெட்டுப்போகக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது, தூக்கிப் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவனிடம் ஐஸ் எதற்கு என்று சொல்லவும் இல்லை.

அறிக்கையில் இதை ‘தகவல் பரிமாற்றக் குறைபாடு’ என்று எழுதுவார்கள். எனக்கு இது படத்தின் மையம். பாட்டி மேல் அவன் வைத்த பாசம்தான் பாட்டிக்காக நடந்த சண்டையைத் தோற்கடித்தது. அவன் செய்தது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, அவனை அடிக்கப் பாய்ந்த கசுமாவின் கோபமும் நியாயம். ஒரே வீட்டில் ஒரே ஆளை நேசிக்கிற இரண்டு பேர் ஒரே ஐஸுக்கு அடித்துக்கொள்வதை இவ்வளவு துல்லியமாக நகைச்சுவையாக்கிய வேறொரு குடும்பப் படத்தை நான் பார்த்ததில்லை. தப்பித்த லவ் மெஷின், ‘அராவாஷி’ என்ற சிறுகோள் ஆய்வுக்கலத்தை உலகில் ஏதோ ஓர் அணுமின் நிலையத்தின் மேல் விழத் திருப்பிவிடுகிறது. (படம் வந்த நாட்களில் ஹயபுசா என்ற நிஜக் கலம் இடோகாவா சிறுகோளைத் தொட்டுவிட்டுப் பழுதோடு திரும்பிக்கொண்டிருந்தது. 2010 ஜூனில் ஆஸ்திரேலியாவில் பத்திரமாக மாதிரியை இறக்கியது.)

சீட்டாட்டம்

பாட்டி எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தைப் படித்த பிறகுதான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பசியோடு இருப்பதும் தனியாக இருப்பதும்தான் ஆகவே ஆகாத விஷயம் என்று அதில் எழுதியிருக்கிறாள். ஓடிப்போன வாபிசுகேவும் காரை ஓட்டிக்கொண்டு வந்து அதே மேசையில் உட்காருகிறான், இந்த முறை ஓரத்தில் இல்லை.

லவ் மெஷினோடு கடைசிச் சண்டை ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டில். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நான்கு என்று 48 சீட்டு. ஜனவரிக்குப் பைன், மார்ச்சுக்குச் செர்ரிப்பூ. கோய்-கோய் என்ற ஆட்டத்தில் ஒரு சேர்க்கை கிடைத்ததும் நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம், அல்லது ‘கோய்-கோய்’ என்று கூவி இன்னும் பெரிதாகச் சேர்க்கப் போகலாம். தொடர்ந்தால் லாபமும் கூடும், எதிராளி முந்திக்கொண்டால் எல்லாம் போகும். இந்த வீட்டில் எல்லாருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தவள் பாட்டி. நட்சுகி கணக்குகளைப் பணயம் வைத்து ஆடுகிறாள், மளமளவென்று ஜெயிக்கிறாள், ஒரு சறுக்கலில் எழுபத்துச் சொச்சத்துக்கு வந்துவிடுகிறாள். அப்போது ஜெர்மனியில் இருந்து முகம் தெரியாத ஒரு சிறுவன் தன் கணக்கை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அவன் பின்னாலேயே 15 கோடிப் பேர்.

பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் சுமிகோ ஃபுஜி. 1968 முதல் 1972 வரை ஜுன்கோ ஃபுஜி என்ற பெயரில் சிவப்புப் பியோனிப் பூவைப் பச்சை குத்திய சூதாட்டக்காரியாகத் தொடர்ந்து நடித்துப் புகழ் பெற்றவர். அவர் குரலில் பாட்டி ‘ஒரு கை ஆடலாமா’ என்று கென்ஜியைக் கேட்கும்போது ஜப்பானில் மூத்த தலைமுறை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நட்சுகி சீட்டை எடுக்கும்போது அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடும்பம் என்ற மூடிய வட்டம் மட்டும் போதவில்லை என்பது இங்கே வெளிப்படை. வைத்திருந்ததையெல்லாம் குடும்பம் பணயம் வைத்துத் தோற்றது. மிச்சத்தைக் கொடுத்தது அதே இணையத்தில் இருந்த அந்நியர்கள்.

இயக்குநரின் பக்கம்

ஹொசோடாவுக்கு இந்தக் கதை புதிது அல்ல. 2000-ல் டோயி நிறுவனத்தில் இருந்தபோது ‘டிஜிமான்’ தொடருக்காக அவர் எடுத்த சுமார் நாற்பது நிமிஷப் படத்திலும் இணையத்தில் ஒரு ஜந்து பெருத்து உலகை மிரட்டும், ஊர் பெயர் தெரியாத பிள்ளைகளின் மின்னஞ்சல்கள் ஆட்டத்தை மாற்றும். எலும்புக்கூடு அப்படியே அதுதான். 2003-ல் தகாஷி முராகாமியோடு சேர்ந்து லூயி வுயிட்டான் நிறுவனத்துக்காக எடுத்த குறும்படத்தின் வெள்ளைவெளேர் என்ற தட்டையான உலகம் ஓஸுக்குத் தோற்றம் கொடுத்தது. இரண்டிலும் இல்லாத ஒன்று அந்த வீடு. கல்யாணமாகி, உவேதாவில் இருந்த மனைவி வீட்டாரைச் சந்தித்ததில் இருந்து அது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தவர், கென்ஜியின் வியர்வையை அதனால்தான் அத்தனை நன்றாக வரைய முடிந்திருக்கிறது.

படம் ஜப்பானில் 160 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது, லோகார்னோ விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது, ஜப்பான் அகாடமியின் சிறந்த அனிமேஷன் விருதும் வாங்கியது.

குறை இல்லாமல் இல்லை. பெண்கள் சமையலறையில், ஆண்கள் கணினி அறையில் என்ற பிரிவைப் படம் கிண்டல் செய்கிற மாதிரி தொடங்கி, கடைசிவரை அதை வைத்தே ஓட்டுகிறது. நட்சுகி சீட்டைக் கையில் எடுக்கும்வரை அழுவதற்கும் கையைப் பிடிப்பதற்கும் மட்டுமே பயன்படுகிறாள். வேண்டிய கருவி எல்லாம் சொந்தக்காரர் ஒருவரிடம் தயாராக இருப்பதும் திரைக்கதையின் சோம்பல். இதற்கெல்லாம் ஈடாக எனக்குக் கிடைப்பது யூமி. உலகம் இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மா டிவியில் உள்ளூர் பேஸ்பால் போட்டியை விட்டு எழவே மாட்டாள், பந்து வீசுவது அவள் மகன். அவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே அவசரநிலை அதுதான்.

விசாரணையின் கடைசிக் குறிப்பு கென்ஜி மேல் இருந்த குற்றச்சாட்டு பற்றியது. அந்த ராத்திரி ஓஸ் பூட்டைச் சரியாகத் திறந்தவர்கள் உலகம் முழுக்க 55 பேர் என்று பிற்பாடு தெரியவருகிறது. அதில் கென்ஜி இல்லை, அவன் அனுப்பிய விடையில் கடைசி எழுத்து தவறு. இரண்டு நாள் உலகத்தின் முன் குற்றவாளியாக நின்ற பையன், தேர்வில் கோட்டை விட்டவன் முகத்தோடுதான் அந்தச் செய்தியைக் கேட்கிறான்.